பெட்டியின் ஓரங்கள்

சரக்கு வண்டிக்குப் பெட்டியைவிடத் தோதான வடிவம் இல்லை. மூட்டையோ அட்டைப்பெட்டியோ, மூலை வரைக்கும் இடம் வீணாகாமல் அடுக்கலாம். பின்கதவை முழு அகலத்துக்குத் திறக்கலாம். வண்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் சட்டம் வரம்பு கட்டியிருப்பதால், அந்த வரம்புக்குள் அதிகக் கொள்ளளவு தருவதும் பெட்டிதான். காற்றுக்கு மட்டும் அது ஆகாத வடிவம். வண்டி வரும்போது முன்னால் உள்ள காற்று ஒதுங்க வேண்டும். கடந்து போனதும் அதே இடத்தில் மறுபடியும் கூட வேண்டும். கூர்மையான விளிம்புகள் இரண்டையுமே கெடுக்கின்றன. ஓட்டம் அங்கே திடுக்கென்று திரும்ப முடியாமல் உடலைவிட்டுப் பிய்ந்துபோகிறது. பெட்டியைப் பெட்டியாகவே வைத்துக்கொண்டு, ஓரங்களை மட்டும் திருத்தி, இதனால் வீணாகும் எரிபொருளில் கணிசமான பகுதியை மிச்சப்படுத்தலாம். கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகள் காட்டியிருப்பது இதைத்தான்.

காற்றைத் தள்ள ஆகும் செலவை எளிதாகவே கணக்கிடலாம். பெரிய கண்டெய்னர் லாரி ஒன்று 2.5 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கொண்டது என்று வைத்துக்கொண்டால், அதன் முகப்பு 10 சதுர மீட்டர். மணிக்கு 90 கி.மீ. என்பது வினாடிக்கு 25 மீட்டர். எனவே ஒவ்வொரு வினாடியும் 250 கன மீட்டர் காற்று அதன் வழியில் நிற்கிறது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ, 250 கன மீட்டருக்கு 300 கிலோ. 75 கிலோ நெல் மூட்டை நான்கின் எடை அது. எடையே இல்லாததுபோல் தோன்றும் காற்றில் அவ்வளவு பாரத்தை அந்த லாரி வினாடிதோறும் கலைத்துக்கொண்டு போகிறது.

காற்றுத்தடையின் அளவு நான்கு காரணிகளைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, வேகத்தின் இருமடி, முகப்புப் பரப்பு, வடிவத்தைக் குறிக்கும் ஓர் எண். இவை நான்கையும் பெருக்கிப் பாதியாக்கினால் விசை கிடைக்கும். வடிவத்தைக் குறிக்கும் எண்ணுக்கு இழுவைக் குணகம் என்று பெயர். ஓட்டத்துக்கு நேரெதிராகப் பிடித்த தட்டையான பலகைக்கு அது ஒன்றுக்குச் சற்று மேல். நீர்த்துளிபோல் பின்பக்கம் நீண்டு ஒடுங்கும் உடலுக்கு 0.05-ஐ ஒட்டி, இன்றைய கார்களுக்கு 0.25 முதல் 0.35 வரை. ஓரளவு நன்றாக வடிவமைத்த டிரெய்லர் லாரிக்கு 0.6. மேலே சொன்ன லாரிக்கு இந்த 0.6-ஐக் கொண்டு கணக்கிட்டால், 90 கி.மீ. வேகத்தில் தடை 2,250 நியூட்டன். கிட்டத்தட்ட 230 கிலோ எடைக்குச் சமமான விசை பின்னோக்கி இழுக்கிறது. அதே லாரியின் மொத்த எடை 40 டன் என்றால், டயர்களின் உருளல் தடையும் ஏறத்தாழ அவ்வளவேதான். நாற்பது டன் பாரமும் கண்ணுக்குத் தெரியாத காற்றும் அந்த வேகத்தில் சரிசமமாக டீசலைத் தின்கின்றன.

ஆனால் உருளல் தடை வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. காற்றுத்தடை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. 50 கி.மீ. வேகத்தில் அதே லாரிக்குக் காற்றுத்தடை 700 நியூட்டனைத் தொடுவதில்லை. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. என்ஜின் அதில் நூற்றுக்கு நாற்பது பங்கை வேலையாக மாற்றுகிறது என்று கொண்டால், 100 கி.மீ. தூரத்துக்குக் காற்றுக்கு மட்டும் 50 கி.மீ. வேகத்தில் 5 லிட்டர் போதும். 80-இல் அது 12 லிட்டரைத் தாண்டும். 90-இல் 15 லிட்டருக்கு மேல் போகும். எந்த வண்டிக்கு வடிவத் திருத்தம் பலன் தரும், எதற்குத் தராது என்பதை இந்த மூன்று எண்களே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன.

1973-இல் கலிபோர்னியாவின் மொகாவி பாலைவனத்தில், எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் உள்ள நாசாவின் விமான ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியாளர் பணியாற்றிவந்தார். வேலைக்குச் சைக்கிளில் போகும் வழக்கம் உள்ளவர். பெரிய லாரி பின்னாலிருந்து நெருங்கும்போது முதலில் ஒரு காற்றலை வந்து அவரைச் சாலையோரப் புதர் பக்கம் தள்ளும். லாரி கடந்த அடுத்த நொடி அதே காற்று அவரைச் சாலைக்குள் இழுக்கும். நெடுஞ்சாலையில் சைக்கிளோ டிவிஎஸ் மொபெட்டோ ஓட்டிய எவருக்கும் இந்தத் தள்ளலும் இழுப்பும் தெரிந்ததே. விமானங்களின் காற்றுத்தடையை அளப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த சால்ட்ஸ்மனுக்கு, அந்தத் தள்ளலும் இழுப்பும் வீணாகும் எரிபொருளாகத் தெரிந்தன. அந்த ஆண்டு அக்டோபரில்தான் எண்ணெய் நெருக்கடி தொடங்கியது. கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் பல மடங்காயிற்று. 1974 தொடக்கத்தில் அமெரிக்கா நாடு முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைலாக, அதாவது 88 கி.மீ.ஆகக் குறைத்தது.

மையத்தில் பழைய ஃபோர்டு வேன் ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி ஒரு சட்டம் அடித்து, அலுமினியத் தகட்டால் மூடி, எல்லா மூலையும் 90 பாகையில் கூர்மையாக இருக்கும்படி செய்தார்கள். சக்கரம் வைத்த செருப்புப் பெட்டி என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அளக்கும் முறையும் எளிமையானது. வண்டியை நெடுஞ்சாலை வேகத்துக்குக் கொண்டுபோய் நியூட்ரலில் போட்டு, அது தானாக எவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்கிறது என்று குறித்தார்கள். வேகம் குறையும் விதத்திலிருந்து மொத்தத் தடை தெரியும். அதில் டயர், பேரிங் இவற்றின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது காற்றின் பங்கு. காற்றுச் சுரங்கத்தில் சிறிய மாதிரி வைத்துப் பார்ப்பதைவிட இதற்கு ஒரு சிறப்பு உண்டு: உண்மையான அளவு, உண்மையான சாலை, உருளும் சக்கரம்.

பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக வளைத்தார்கள். முன்னும் பின்னும் உள்ள நெட்டுக்குத்து விளிம்புகளை மட்டும் உருட்டியதும் காற்றுத்தடை 40 சதவீதம் குறைந்தது. உள்ளே இழந்த இடம் 1.3 சதவீதம். கிடைமட்ட விளிம்புகளையும் உருட்டியபோது குறைவு 54 சதவீதமாயிற்று. இழந்த இடம் 3 சதவீதம். நூறு மூட்டை ஏற்றும் இடத்தில் மூன்று மூட்டையை விட்டுக்கொடுத்தால் காற்றுத்தடை பாதிக்கு மேல் போய்விடுகிறது. அடுத்த சுற்றில் அடிப்பக்கத்தைத் தகடு வைத்து மூடி, பின்னால் படகின் பின்பகுதிபோல் குறுகும் ஒரு வாலைச் சேர்த்தார்கள். அந்த வாலினால் மட்டும் தடை சுமார் 15 சதவீதம் குறைந்தது.

விளிம்பை வளைப்பதால் இவ்வளவு பலன் வருவதற்கான காரணம் முதல் பார்வையில் பிடிபடாது. முகப்பின் நடுவில் வந்து மோதும் காற்று எந்த வடிவத்திலும் நின்றுதான் ஆக வேண்டும். அங்கே அழுத்தம் உயரும். அந்த உயர்ந்த அழுத்தம் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகரும் காற்று, வளைந்த விளிம்பைத் தழுவிக்கொண்டு திரும்பும்போது வேகம் எடுக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். முன்னோக்கிப் பார்க்கும் அந்த வளைவின் மேல் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்துபோவதால் அது வண்டியை முன்னால் உறிஞ்சுகிறது. நடுவே பின்னுக்குத் தள்ளும் விசையை ஓரத்தின் உறிஞ்சல் பெரும்பகுதி ஈடுகட்டிவிடுகிறது. விளிம்பு கூர்மையாக இருந்தால் காற்று தழுவாமல் பிய்ந்துவிடும்; உறிஞ்சலும் கிடைக்காது, பக்கச் சுவர் நெடுகச் சுழலும் காற்று ஒன்று ஒட்டிக்கொண்டே வரும்.

இந்த விளக்கத்திலிருந்து ஒரு நடைமுறை முடிவு வருகிறது. ஓட்டம் பிய்யாத அளவுக்கு விளிம்பு வளைந்தால் போதும். அதற்கு மேல் எவ்வளவு வளைத்தாலும் கூடுதல் ஆதாயம் மிகக் குறைவு. 2.5 மீட்டர் அகல வண்டிக்கு ஒரு சாண் ஆரமுள்ள வளைவே தேவையில் பெரும்பகுதியைத் தந்துவிடும். வண்டியின் மூக்கை ரயில் என்ஜின்போலவோ தோட்டாபோலவோ கூராக்க வேண்டியதில்லை. தட்டையான முகம், உருண்ட ஓரம்: நெடுஞ்சாலை வேகத்துக்கு அதுவே நல்ல முகப்பு.

நாசாவின் வேனுக்குக் கால் நூற்றாண்டு முன்பே இதை ஜெர்மனியில் ஒரு வண்டி காட்டியிருந்தது. ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 1949-இல் தன் பெட்டி வேனுக்கு முதல் மாதிரி செய்தபோது அதன் இழுவைக் குணகம் 0.75. பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, முன்கண்ணாடியையும் கூரையின் முன்விளிம்பையும் திருத்தியபின் அது 0.44-க்கு இறங்கியது. பின்னால் உலகம் முழுவதும் ஓடிய அந்த வட்ட முக வேன், அதே நிறுவனத்தின் வண்டு வடிவக் காரைவிடக் காற்றுக்கு இணக்கமாக இருந்தது. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிவதெல்லாம் காற்றுக்கும் வழுவழுப்பு என்று சொல்ல முடியாது.

முகப்பைச் சரிசெய்தபின் மிஞ்சும் தடையில் பெரும்பங்கு வண்டியின் பின்புறத்தில் பிறக்கிறது. அதற்குக் கருவியே தேவையில்லாத சான்று ஒன்று எல்லாப் பேருந்து நிலையத்திலும் நிற்கிறது. மண்சாலையிலோ மழையிலோ வெகுதூரம் ஓடி வந்த பஸ்ஸின் பக்கங்கள் ஓரளவு துப்புரவாக இருக்கும். பின்கண்ணாடி மட்டும் புழுதியால் மூடி, விரலால் பெயர் எழுதலாம்போல் இருக்கும். சக்கரம் கிளப்பும் தூசி பின்னாலே போயிருக்க வேண்டியது; வண்டியின் முதுகில் ஏன் அப்புகிறது? பக்கச் சுவர்களோடு வந்த காற்று பின்விளிம்பில் பிரிந்து நேராகப் போய்விட, நடுவில் ஓர் அழுத்தம் குறைந்த குழி உண்டாகிறது. கீழேயிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று அதற்குள் சுருண்டு வந்து, வண்டியோடு கூடவே பயணம் செய்கிறது. அதில் மாட்டிய தூசி முதுகில் படிகிறது. பின்பக்கம் செங்குத்தாக வெட்டுப்பட்ட கார்களுக்குப் பின்கண்ணாடி வைப்பர் வைக்கிறார்கள், நீண்ட டிக்கி உள்ள கார்களுக்கு வைப்பதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

அந்தக் குழியில் அழுத்தம் அதிகமாகக் குறைவதில்லை. 90 கி.மீ. வேகத்தில் 75 பாஸ்கல் குறைந்தால் அது வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் கண்டெய்னரின் பின்கதவு 6.5 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 490 நியூட்டன் வருகிறது. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றைக் கயிறு கட்டி, சென்னையிலிருந்து மதுரை வரைக்கும் தொங்கவிட்டு இழுப்பதற்கு ஒப்பான விசை அது, நொடிகூட விடாமல்.

பின்புற ஓட்டத்தை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 1984-இல் வந்தது. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் எஸ். ஆர். அகமதும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1,044 மில்லிமீட்டர் நீளம், 389 மி.மீ. அகலம், 288 மி.மீ. உயரம் கொண்ட எளிய பெட்டி ஒன்றைச் செய்தார்கள். முன்பக்கம் உருண்டையானது, பின்பக்கத்தின் மேல்விளிம்பு மட்டும் வெவ்வேறு சாய்வில் கழற்றி மாட்டக்கூடியது. மொத்தத் தடையில் ஏறத்தாழ 85 சதவீதம் அழுத்த வேறுபாட்டால் வருவது, அதிலும் மிகப்பெரும்பகுதி பின்புறத்தில் பிறப்பது என்று அந்தப் பெட்டி காட்டியது. காற்று மேற்பரப்பில் உராய்வதால் வரும் தடை மீதிச் சிறு பங்கே. லாரிக்கு மெருகு போட்டு வழவழப்பாக்குவதால் மைலேஜ் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சாய்வு 12.5 பாகையாக இருந்தபோது தடை மிகக் குறைவு. 30 பாகையில் மிக அதிகம். 12 பாகை அளவில் காற்று சாய்வைத் தழுவிக்கொண்டு இறங்குகிறது, அழுத்தம் மெல்ல மீள்கிறது, குழி சிறுக்கிறது. சாய்வு கூடக் கூட இரு பக்க ஓரங்களிலும் கயிறுபோல் முறுக்கிய சுழல்கள் பிறந்து, பின்பக்கத்தின் அழுத்தத்தை இன்னும் கீழே இழுக்கின்றன. 30 பாகையைத் தாண்டினால் அந்தச் சுழல்கள் குலைந்து, ஓட்டம் முழுதும் பிரிந்துவிட, தடை சட்டென்று இறங்குகிறது. அகமது பெட்டி என்ற பெயரில் அந்த எளிய மாதிரி இன்றும் உலகெங்கும் கணினிக் கணக்குகளைச் சரிபார்க்கும் உரைகல்லாக இருந்துவருகிறது.

காற்றுக்கு மிக உகந்த பின்புறம், நீர்த்துளியின் வால்போல் நீண்டு ஒரு முனையில் முடிவது. 2.5 மீட்டர் அகல லாரிக்கு அப்படி ஒரு வால் வைத்தால் அது பல மீட்டர் நீளும்; வளைவில் திரும்பவும் முடியாது, சரக்கும் ஏற்ற முடியாது. 1930-களில் ஸ்டட்கார்ட்டில் வூனிபால்ட் காம் என்ற பொறியாளரும் அவரைச் சார்ந்தவர்களும் இதற்கு நல்ல வழி கண்டார்கள். ஒடுங்கத் தொடங்கிய வாலைப் பாதியில் செங்குத்தாக வெட்டிவிட்டாலும் பலனில் பெரும்பகுதி கைவிட்டுப் போவதில்லை. லாரிக்கு வந்த படகு வால் இதன் வழித்தோன்றல்தான். பின்கதவின் மூன்று அல்லது நான்கு விளிம்பிலும் ஒரு மீட்டரை ஒட்டிய நீளத்தில் பலகைகள், 12 பாகையை ஒட்டி உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். உள்ளே வெறும் காற்றுதான்; பலகைகளுக்கு இடையே அடைபட்ட காற்றே குஷன்போல் முதுகில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

பின்புறத் திருத்தம் இவ்வளவு பலன் தந்தும் சாலையில் அபூர்வமாகவே தென்படுகிறது. சரக்கு இறக்கும் மேடையில் பின்கதவைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பலகையை மடக்கி விரிக்க வேண்டும். ஓட்டுநர் அவசரத்தில் விரிக்க மறந்தால் வாங்கிய காசு வீண். ரிவர்ஸ் எடுக்கும்போது முதலில் இடிபடுவதும் அதுதான். முகப்புத் திருத்தம் வண்டி செய்யும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது, பின்புறத் திருத்தமோ தினந்தோறும் மனிதர் கையை நம்பியிருக்கிறது. வேகம் கூடியதும் தானாக விரியும் அமைப்புகள் அதனாலேயே தேடப்பட்டன.

தனி என்ஜின் வண்டியும் பின்னால் கோத்த டிரெய்லருமாக இருக்கும் லாரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு: கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி. திருப்பத்தில் பெட்டி கேபினில் இடிக்காமல் இருக்க அது தேவை. பெட்டி கேபினைவிட உயரமாக இருந்தால், கேபினைத் தாண்டி வரும் காற்று பெட்டியின் தட்டையான நெற்றியில் மோதும். கேபின் கூரைமேல் சாய்வான தகட்டை நிறுத்தினால் காற்று அந்த நெற்றிக்கு மேலே ஏவப்பட்டுவிடும். மலிவான திருத்தங்களில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் தகட்டின் உயரம் பெட்டியின் உயரத்தோடு பொருந்த வேண்டும். தட்டையான டிரெய்லரில் இரும்புச் சுருள் ஏற்றிப் போகும் லாரியின் கேபின்மேல் உயர்ந்த தகடு நிற்பது, வெயிலே இல்லாத நாளில் குடை விரித்துப் போவதுபோல. அது தடையைக் கூட்டவே செய்யும். இதனால்தான் உயரத்தை ஏற்றி இறக்கும் தகடுகள் வந்தன.

பக்கக் காற்று வீசும்போது அந்த இடைவெளி இன்னும் பாடுபடுத்துகிறது. வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகும் லாரியின் மேல் வினாடிக்கு 5 மீட்டர் காற்று பக்கவாட்டில் அடித்தால், லாரியைப் பொறுத்தவரை காற்று நேரெதிரில் வராமல் 11 பாகை சாய்ந்து வருகிறது. சாய்ந்த காற்று இடைவெளிக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் பீறிடும். பெட்டியின் அடிவயிற்றுக்குள்ளும் புகும். காற்று இல்லாத நாளில் 0.6 ஆக இருந்த குணகம் இப்படிப்பட்ட நாளில் வெகுவாக உயரும். கேபினின் பின்விளிம்பிலிருந்து இரு பக்கமும் நீளும் தகடுகள் இடைவெளியை ஓரளவு அடைக்கின்றன. நேர்க்காற்றில் மட்டும் சோதித்து விற்கப்படும் கருவிகளை நம்ப முடியாததற்கும் காரணம் இதுவே.

டிரெய்லரின் அடிப்பக்கம் காற்றுக்கு ஒரு புதர்க்காடு: அச்சு, பிரேக் குழாய், குறுக்குச் சட்டம், ஸ்டெப்னி, சுழலும் சக்கரம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே பக்கவாட்டில் தகடு தொங்கவிட்டால் காற்று உள்ளே நுழைந்து பின் அச்சுகளில் மோதுவது குறையும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004-இல் தொடங்கிய ஸ்மார்ட்வே திட்டம் இத்தகைய பக்கத் தகடுகளைச் சோதித்துச் சான்று தந்தது. நல்ல தகடுகள் நெடுஞ்சாலையில் 4 சதவீதமும் அதற்கு மேலும் எரிபொருள் மிச்சப்படுத்தின. கலிபோர்னியா மாநிலம் 2008-இல் கொண்டுவந்த விதி, 53 அடி நீளப் பெட்டி டிரெய்லர்களுக்கு இவற்றைப் போன்ற சாதனங்களைக் கட்டாயமாக்கியது. விதி வந்தபின்தான் அவை அமெரிக்கச் சாலையில் சாதாரணக் காட்சியாயின. லாரி ஒருவருடையது, டிரெய்லர் மற்றவருடையது, டீசல் செலவு மூன்றாமவருடையது என்று இருக்கும் தொழிலில், மிச்சம் வேறொருவருக்குப் போகும்போது தகட்டுக்குப் பணம் போட யாரும் முன்வருவதில்லை.

வண்டியின் வடிவத்தைப் பொறியாளரைவிடச் சட்டமே அதிகம் வரைந்திருக்கிறது. ஐரோப்பாவில் கேபின் முதல் டிரெய்லரின் கடைசி வரை 16.5 மீட்டர் என்று மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்தார்கள். கேபினுக்கு ஒரு அடி மூக்கு கொடுத்தால் சரக்கில் ஒரு அடி போய்விடும். எனவே ஐரோப்பிய லாரிகள் என்ஜின் மேலேயே ஓட்டுநரை உட்காரவைத்துத் தட்டை முகத்தோடு நின்றன. அமெரிக்காவில் 1982-இல் வந்த சட்டம் டிரெய்லரின் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்தது. அங்கே நீண்ட மூக்கு லாரிகள் பெருகின. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் தன் விதியைத் திருத்தி, பின்னால் சேர்க்கும் மடக்குப் பலகைகளையும் உருண்ட, சற்றே நீண்ட கேபினையும் நீளக் கணக்கிலிருந்து விலக்க இடம் கொடுத்தது. காற்றுச் சுரங்கத்தில் எப்போதோ தெரிந்துவிட்ட வளைவு, சட்ட வரி ஒன்று மாறும்வரை சாலைக்கு வர முடியாமல் காத்திருந்தது.

சில்லறைத் தடைகளும் கூடிக் கணிசமாகும். பக்கக் கண்ணாடிகளுக்குப் பதில் கேமரா வைத்த மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸ் 2018-இல் வந்தது. எரிபொருளில் ஒரு சதவீதத்தை ஒட்டிய மிச்சம்தான், ஆனால் ஆண்டுக்கு லட்சம் கி.மீ. ஓடும் வண்டிக்கு அதுவும் பெரிது. ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி ஓடினால் பின்லாரிக்கு முன்லாரியின் நிழலில் தடை குறையும். முன்லாரியின் முதுகுக் குழியும் சிறிது நிரம்பும். அதற்குத் தேவையான நெருக்கத்தில் மனிதக் கண்ணும் காலும் பிரேக் பிடித்து முடிப்பதற்குள் விபத்து முடிந்திருக்கும் என்பதால், தானியங்கிக் கட்டுப்பாடு இல்லாமல் இதை முயல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

முழு அளவு லாரியையே காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திப் பார்த்ததும் உண்டு. 2010-இல் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகமும் நாவிஸ்டார் நிறுவனமும் கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் உள்ள, 24 மீட்டர் உயரமும் 37 மீட்டர் அகலமும் கொண்ட சுரங்கத்தில் டிரெய்லர் லாரியை நிறுத்தி, பக்கத் தகடு, இடைவெளி அடைப்பு, படகு வால் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அளந்தார்கள். ஒவ்வொன்றாகக் கிடைக்கும் பலன்களை அப்படியே கூட்டிவிட முடியாது. முன்னால் ஓட்டத்தைச் சீராக்கினால்தான் பின்னால் வைக்கும் வால் முழுப் பலன் தரும். அமெரிக்க எரிசக்தித் துறையின் சூப்பர்டிரக் திட்டத்தில் இவை யாவற்றையும் சேர்த்துச் செய்த லாரிகளில் கம்மின்ஸ்-பீட்டர்பில்ட் கூட்டணியின் வண்டி 2014-இல் கேலனுக்கு 10.7 மைல், அதாவது லிட்டருக்கு 4.5 கி.மீ. ஓடியது. ஃப்ரைட்லைனர் வண்டி 2015-இல் 12.2 மைலை, லிட்டருக்கு 5 கி.மீ.க்குச் சற்று மேல், எட்டியது. அப்போதைய சாதாரண அமெரிக்க லாரி கேலனுக்கு 6 மைலை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தது. இந்த உயர்வு முழுவதும் வடிவத்தால் வந்ததல்ல. என்ஜின், டயர், எடைக்குறைப்பு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. 90 கி.மீ. வேகத்தில் காற்றுத்தடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் டீசல் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது தோராயமான கணக்கு.

இந்தியாவில் கணக்கு வேறு மாதிரி. நான்கு வழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு வரம்பு 80 கி.மீ.; நெரிசல், சுங்கச்சாவடி, ஏற்றம் எல்லாம் போகச் சராசரி அதைவிட வெகுவாகத் தாழ்ந்தே நிற்கும். ஊருக்குள் சுற்றும் டவுன் பஸ்ஸுக்கும் ஜல்லி அடிக்கும் டிப்பருக்கும் காற்றுத்தடையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட டயரில் காற்றுச் சரிபார்ப்பது மேல். தொலைதூர ஆம்னி பஸ், விரைவுப் பார்சல் லாரி, துறைமுகத்திலிருந்து கிளம்பும் கண்டெய்னர் ஆகியவற்றின் நிலை அப்படியல்ல. அவை இரவு முழுவதும் 80-ஐ ஒட்டி ஓடுபவை, 100 கி.மீ.க்கு 12 லிட்டரைக் காற்றுக்குக் கொடுப்பவை. இங்கே ஒரு சாதகமும் இருக்கிறது. லாரியிலும் பஸ்ஸிலும் பல சேசிஸாக வந்து, நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் போன்ற ஊர்களின் பட்டறைகளில் பாடி கட்டப்படுகின்றன. கேபினுக்குமேல் நெட்டுக்குத்தாக நிற்கும் பெயர்ப்பலகையைச் சாய்ப்பதும், பெட்டியின் முன்விளிம்பை ஒரு சாண் வளைப்பதும், பக்கவாட்டில் பைக் உள்ளே புகாமலிருக்க வைக்கும் கம்பிச் சட்டத்தைத் தகட்டால் மூடுவதும் அந்தப் பட்டறையில் தகடு வளைக்கும் கைக்கு எட்டாத வேலைகள் அல்ல.

திறந்த பாடி லாரிகளில் இன்னும் எளிய திருத்தம் ஒன்று உண்டு. லோடு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லாரியின் உள்ளே காற்று கேபினைத் தாண்டிக் குதித்து, பின்பலகையில் போய் மோதுகிறது. வெற்று வண்டி காற்றுக்கு நிறைந்த வண்டியைவிடப் பாரமாகிவிடுகிறது. மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினாலே அது பெரும்பாலும் அடங்கும். லோடோடு போகும்போதும் தார்ப்பாய் தளர்ந்திருந்தால், 70 கி.மீ. வேகத்தில் உப்பி எழுந்து படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த ஒவ்வோர் அடியும் என்ஜின் காற்றுக்குக் கொடுக்கும் வேலைதான். கயிற்றை ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சாகக் குறுக்கே இழுத்து, முன்விளிம்பை லோடின்மேல் படிய மடித்துக் கட்டினால் சத்தம் நின்றுவிடும்.